நாயகன் மாறினார், தொடர் நிற்கவில்லை: 'டாக்டர் ஹூ' 1966, ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1966 அக்டோபர் 29, சனிக்கிழமை மாலை. பிபிசியின் 'டாக்டர் ஹூ' ஓர் அறிவியல் கற்பனைத் தொடர்; 'டாக்டர்' என்றே அழைக்கப்படும் நாயகன் காலயந்திரத்தில் பயணிப்பவர். அதில் மூன்றாண்டுகளாக நாயகனாக இருந்த முதியவர் தரையில் விழுந்து கிடக்கிறார். முகம் ஒளியில் கரைகிறது. ஒளி அடங்கும்போது அங்கே இருப்பது வேறொரு முகம். அடுத்த வாரம் அந்தப் புது முகத்தோடு தொடர் நடந்தது. இன்று அந்தத் தொடரின் அடையாளமே இந்த ஆள்மாற்றம்தான். ஆனால் அன்று அதை யாரும் அடையாளம் என்று நினைத்துச் செய்யவில்லை. உடல்நலம் கெட்டுவந்த ஒரு குணச்சித்திர நடிகரை வைத்துக்கொண்டு வாராவாரம் ஓட வேண்டிய ஒரு தயாரிப்புக் குழு கண்டுபிடித்த வழி அது.

இதில் வரும் ஆட்களைப் பெயரால் குறிக்காமல் அவர்கள் வகித்த பொறுப்பால் குறிக்கிறேன். தொடரை அறிந்தவர்களுக்கு யார் யாரென்று விளங்கிவிடும். எனக்கு வேண்டியது முடிவுகளைப் பற்றிய பேச்சு. ஆளைப் புகழ்வதும் குறைசொல்வதும் ஏற்கெனவே நிறைய நடந்திருக்கின்றன.

பின்னணி: சார்ஜன்ட் வேடத்தில் சிக்கிய நடிகர்

முதல் நடிகர் 1908இல் லண்டனில் பிறந்தவர். 1925 வாக்கில் ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகங்கள் போடும் ஒரு குழுவில் எடுபிடி வேலையோடு சின்னச் சின்ன வேடங்களுமாகத் தொழிலைத் தொடங்கினார். 1930களில் பிரிட்டனில், திரையரங்குகள் இத்தனை உள்நாட்டுப் படம் காட்டியாக வேண்டும் என்ற சட்டத்தை நிறைவேற்றுவதற்காகவே மலிவாகவும் அவசரமாகவும் எடுக்கப்பட்ட படங்கள் உண்டு. அவற்றில் நகைச்சுவை வேடங்கள் செய்தார். பெயர் சொல்லும்படி எதுவும் அமையவில்லை.

இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் சேர்ந்தார். பயிற்சியின் அழுத்தம் தாங்காமல் நரம்புத் தளர்ச்சி கண்டு, ராணுவம் அவரை விடுவித்தது. 1942இல் ஒரு பெரிய கடற்படைப் படத்தில் வேடம் கிடைத்தது. முதல் நாளே தாமதமாக வந்ததால் படப்பிடிப்புத் தளத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைத்து வெளியே அனுப்பினார்கள். அந்த வேடத்தை அங்கிருந்த உதவி இயக்குநர் ஒருவரே செய்தார். ஒரு நடிகரை எவ்வளவு எளிதாக மாற்றிவிடலாம் என்பது இவருக்கு வாழ்க்கையிலேயே கிடைத்த பாடம்.

திருப்பம் 1944இல் 'தி வே அஹெட்' படத்தில் வந்தது. புது ஆட்களை வாட்டி எடுக்கும் சார்ஜன்ட். ராணுவப் பயிற்சியில் முறிந்துபோன மனிதர், பயிற்சி கொடுப்பவராக நடித்துப் பெயர் வாங்கினார். அதன்பின் சார்ஜன்ட், போலீஸ் அதிகாரி, ரவுடி என்று ஒரே தடத்தில் ஓடியது பிழைப்பு. பிரிட்டனின் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியின் 'தி ஆர்மி கேம்' நகைச்சுவைத் தொடரில் சார்ஜன்ட் மேஜர். 1958இல் 'கேரி ஆன்' என்ற நகைச்சுவைப் பட வரிசையின் முதல் படத்திலும் சார்ஜன்ட். குணச்சித்திர நடிகரின் சிக்கல் இதுதான்: ஒரு வேடத்தை மிக நன்றாகச் செய்துவிட்டால் அடுத்த பத்துத் தயாரிப்பாளர்களுக்கும் அதே ஆள்தான் வேண்டும். வேலைக்குப் பஞ்சமில்லை, வேடத்துக்குத்தான் பஞ்சம்.

1963இல் 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' படத்தில் அவர் செய்தது வேறு மாதிரி. ரக்பி விளையாட்டுக்கு ஆள் தேடித் தரும், நோயும் தனிமையும் அரித்த ஒரு கிழவர். அதிகாரக் குரலே இல்லாத வேடம். பிபிசியில் புதிதாகத் தொடங்கவிருந்த அறிவியல் கற்பனைத் தொடரின் தயாரிப்பாளர் அதைப் பார்த்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு 27 வயது. முதல் கதையை இயக்கவிருந்தவர் லக்னோவில் பிறந்த இளைஞர். இருவரும் சேர்ந்து பேசித்தான் தயங்கிய நடிகரைச் சம்மதிக்க வைத்தார்கள். குழந்தைகள் பார்க்கும் தொடரா என்பதே அவருடைய தயக்கம். சார்ஜன்ட் உடுப்பைக் கழற்றலாம் என்பது அவரை இழுத்தது என்று நான் நினைக்கிறேன். அவர் பின்னாளில் அந்த வேடத்தை விடாமல் பற்றிக்கொண்டதைப் பார்த்தால் வேறு விளக்கம் தோன்றவில்லை.

1963 முதல் 1965 வரை: வேலை நடந்த விதம்

முதல் பகுதியை ஒருமுறை எடுத்துப் பார்த்த நாடகத் துறைத் தலைவர், நாயகன் மிகக் கடுகடுப்பாக இருக்கிறார், மறுபடி எடுங்கள் என்றார். எடுத்தார்கள். 1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட மறுநாள், அது ஒளிபரப்பானது. செய்தியின் அதிர்ச்சியில் பலர் பார்க்காமல் போனதால், அடுத்த சனிக்கிழமை முதல் பகுதியை மறுபடி போட்டுவிட்டு இரண்டாம் பகுதியைக் காட்டினார்கள். டிசம்பரில் டாலெக் என்ற இயந்திர எதிரிகள் வந்ததும் நாடு முழுக்கக் குழந்தைகள் வாயில் அந்தப் பெயர்தான்.

அன்றைய உற்பத்தி முறையைப் புரிந்துகொள்ளாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. வாரத்துக்கு 25 நிமிடப் பகுதி ஒன்று. வார நாட்களில் ஒத்திகை; வாரக் கடைசியில் ஒரே மாலையில் பதிவு. ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால், பதிவு ஏறக்குறைய மேடை நாடகம்போல ஒரே ஓட்டமாக நடந்தது. வசனம் குளறினால் ரீடேக் கிடையாது. செட் இடிந்து விழுந்தால்தான் நிறுத்துவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டில் 42 பகுதிகள். இரண்டாம் ஆண்டில் 39. மூன்றாம் ஆண்டில் 45. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவர், அறிவியல் சொற்கள் நிறைந்த வசனத்தை வாராவாரம் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும்.

வேடத்தை அவர் மிகக் கவனமாகக் காத்தார். காலயந்திரத்தின் விசைப்பலகையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தானே முடிவுசெய்து அதையே கடைப்பிடித்தார். மாற்றினால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பார். பெரியவர்களுக்கான படங்களில் இருபதாண்டு நடித்தும் கிடைக்காத மரியாதை, தெருவில் பின்தொடர்ந்த பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது.

கவனிக்கப்பட்டவை

வசனக் குளறல்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. கதிர்வீச்சுத் தடுப்பு மருந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் கையுறை என்று தொடங்கித் திருத்திக்கொண்டது 1964 தொடக்கத்தில் ஒளிபரப்பான பகுதியிலேயே இருக்கிறது. வேடம் முதியவர் என்பதால் பார்வையாளர்கள் அதைப் பாத்திரத்தின் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவரும் சில தடுமாற்றங்களை வேண்டுமென்றே சேர்த்தார். இதனால் நேர்ந்த கேடு ஒன்று உண்டு: எது நடிப்பு, எது மறதி என்று தளத்தில் இருந்தவர்களுக்கே பிரித்தறிவது கடினமாயிற்று. உண்மையில் அவருக்குத் தமனித் தடிப்பு நோய் இருந்தது. மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்து நினைவாற்றல் தேய்ந்துவந்தது.

இரண்டாவது, அவர் வர முடியாத வாரங்களைக் கதையாலேயே மூடும் பழக்கம். 1964 வசந்தத்தில் அவர் விடுமுறையில் சென்றபோது நாயகன் முன்னதாக வேறிடம் போய்விட்டதாகக் கதை எழுதப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில், டாலெக் விண்கலத்தின் சாய்தளம் சரிந்து முதுகில் அடிபட்டதும், அடுத்த பகுதியில் நாயகன் மயங்கிவிட்டதாக எழுதி, ஒரு டூப்பை முதுகுப் பக்கமாகக் காட்டிச் சமாளித்தார்கள். 1965இல் ஒரு பகுதி முழுவதும் முன்கூட்டியே பதிவுசெய்த குரலோடு ஓடியது. ஒவ்வொன்றும் அந்தந்த வாரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் நாயகன் இல்லாமலும் கதை நகரும் என்பதைக் குழு இப்படித்தான் வாரம் வாரமாகக் கற்றுக்கொண்டது. இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது இதையே. 1966இல் பயன்பட்ட எந்த உத்தியும் புதிதல்ல: மயக்கம், டூப், முகம் காட்டாமை எல்லாம் முன்பே ஒட்டுப்போடப் பயன்பட்டவை.

மூன்றாவது, சுற்றியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நாயகனின் பேத்தியாக நடித்தவர் 1964 டிசம்பரோடு விலகினார். நாயகனோடு பயணிக்கும் பள்ளி ஆசிரியர்களாக நடித்த இருவர் 1965 கோடையில் போனார்கள். முதல் தயாரிப்பாளரும் அந்த ஆண்டே விலகினார். அப்புறம் தொடரின் நினைவு முழுவதையும் சுமந்தவர், நினைவு தேய்ந்துவந்த அந்த ஒருவர்தான். புதிதாக வந்தவர்கள் எழுதியதையெல்லாம் 'இந்த ஆள் இப்படிப் பேச மாட்டான்' என்ற தொனியில் மறுத்தார். புதியவர்களுக்கு அவர் தொல்லைபிடித்த மூத்த நடிகர். அவருக்கு அவர்கள் வீட்டின் பழக்கம் தெரியாத விருந்தாளிகள். இரு தரப்பையும் அறிந்தவர் யாரும் நடுவில் இல்லை.

முதல் முயற்சி, அது நின்ற காரணம்

இரண்டாம் தயாரிப்பாளருக்கும் நடிகருக்கும் ஒத்துப்போகவே இல்லை. தயாரிப்பாளரும் அவருடைய கதைப் பொறுப்பாளரும் ஒரு யோசனை செய்தார்கள். வரவிருந்த ஒரு கதையில், மாய விளையாட்டுகள் நடத்தும் எதிரி ஒருவன் நாயகனைக் கண்ணுக்குத் தெரியாதவராக்கிவிடுவான். இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பத் தெரியும்போது வேறு நடிகரின் உருவத்தில் தெரிவார். மேலிடம் ஒப்பவில்லை. நடிகரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. தயாரிப்பாளர் விலகினார். கதை மட்டும் 1966 ஏப்ரலில் ஒளிபரப்பானது. நாயகன் மறைந்தார், கையும் குரலும் மட்டும் வந்தன, பிறகு அவராகவே திரும்பினார்.

இந்த யோசனை நின்றது நல்லதே என்பது என் கருத்து. அதில் மாற்றத்துக்கான காரணம் எதிரியின் மந்திரம். அப்படியானால் புதியவர் எப்போதும் சபிக்கப்பட்டவராகவே இருப்பார். பழைய முகம் எப்போது திரும்பும் என்று பார்வையாளர் காத்துக்கொண்டே இருப்பார்கள். நோக்கமும் நடிகரை வெல்வதாக இருந்தது.

1966 கோடை: எடுத்த முடிவுகள்

மூன்றாம் தயாரிப்பாளர் வந்தபோது நிலைமை வெளிப்படையாகவே மோசம். கோடையில் நடிகரோடு பேசி, அவர் விலகுவது என்று முடிவாயிற்று. இதில் இரண்டு கூற்றுகள் உள்ளன. உடல்நலமே காரணம் என்பது ஒன்று. கதைகளில் தீமை மிகுந்துவிட்டது, தங்களுக்குள் ஒத்துவரவில்லை, அதனால் போனேன் என்று அவரே 1968இல் ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதம் மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். நோயாளி தன் விலகலுக்கு நோயைக் காரணமாகச் சொல்ல விரும்பாதது இயல்பு.

தொடரை நிறுத்துவதா, நடத்துவதா? நடத்துவது என்றார்கள். சரி, எப்படி? நம் நெடுந்தொடர்களில் ஒரு நாள் 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து ஓடும். அத்தோடு கதை நகர்ந்துவிடும். அந்த வழி அவர்களுக்கும் திறந்தே இருந்தது. அதே வெள்ளை முடி, அதே கோட்டு, முகச்சாயல் உள்ள வேறொரு முதியவர் என்று போயிருக்கலாம். போகவில்லை. நாயகன் மனிதரல்ல, வேற்றுக் கோளைச் சேர்ந்தவர் என்பது முதலிலிருந்தே கதையில் இருந்தது. அப்படியானால் அவர் உடம்பு தேய்ந்தபின் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளலாம். முகம் மாறலாம், குணமும் மாறலாம்.

அடுத்த தேர்வுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. தேடிப் பிடித்தது இன்னொரு நட்சத்திரத்தை அல்ல, இன்னொரு குணச்சித்திர நடிகரை. 1920இல் பிறந்தவர்; 1953இல் பிபிசியில் முதல் ராபின் ஹூட்டாக நடித்தவர்; வேடத்துக்குள் ஒளிந்துகொண்டு சொந்த முகத்தைக் காட்டாதவர் என்று தொழிலில் பெயர். அவரும் தயங்கினார். ஒரே வேடத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற அதே பயம். முந்தியவரைப் பார்த்துச் செய்யச் சொல்லியிருந்தால் அந்தப் பயம் பலித்திருக்கும். நாடகத் துறைத் தலைவர் கொடுத்த யோசனை வேறு: சாப்ளின் சாயலில் ஒரு விண்வெளி நாடோடி. தொளதொளத்த கோட்டு, கையில் ஊதுகுழல், கோமாளித்தனத்துக்குள் ஒளிந்த கூர்மை.

நட்சத்திரம் என்றால் தன்னை எடுத்துக்கொண்டு வருவார். மிமிக்ரி செய்பவர் என்றால் முந்தியவரை எடுத்துக்கொண்டு வருவார். குணச்சித்திர நடிகரால்தான் இல்லாத ஒரு மூன்றாம் ஆளை உண்டாக்க முடியும். தயாரிப்பாளர் இப்படித்தான் யோசித்தாரா என்று தெரியாவிட்டாலும், செய்தது இதையே.

அக்டோபர் 8ஆம் தேதிப் பதிவு

கடைசிக் கதை நான்கு பகுதிகள் கொண்டது. மூன்றாம் பகுதியின் ஒத்திகை வாரத்தில் முதல் நடிகர் படுத்துவிட்டார். கதைப் பொறுப்பாளர் வசனங்களைப் பிற பாத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, நாயகன் திடீரென மயங்கி விழுவதாக எழுதினார். பழைய ஒட்டுப்போடும் உத்திதான். இம்முறை அது கடைசிக் காட்சிக்கு முன்னறிவிப்பாகவும் அமைந்தது.

நான்காம் பகுதி அக்டோபர் 8 அன்று ஹேமர்ஸ்மித்தில் உள்ள ரிவர்சைடு ஸ்டூடியோவில் பதிவானது. இரு நடிகர்களும் அருகருகே தரையில் படுத்தார்கள். முகத்தை முகமாக மாற்றும் வேலையைச் செய்தவர், காட்சிக் கலவை மேசையில் இருந்த பெண் தொழில்நுட்பர். மேசையில் இருந்த ஒரு கோளாறு படத்தை வெளிறச் செய்து ஒளிரவைப்பதை அவர் கவனித்திருந்தார். சரிசெய்யச் சொல்வதற்குப் பதில் அதையே பயன்படுத்தினார்.

பின்தொடர்ந்தவை

நவம்பர் 5 அன்று புதிய நாயகனின் முதல் கதை தொடங்கியது. அதை எழுதியவர் தொடரின் முதல் கதைப் பொறுப்பாளர், பழைய வீட்டின் பழக்கம் தெரிந்தவர். பார்வையாளரின் சந்தேகத்தை மறைக்காமல் அதைக் கதைக்குள்ளேயே வைத்தார். உடன்வரும் இருவரில் ஒருவன் இவர் போலி என்கிறான். ஒருத்தி இவரேதான் என்கிறாள். பழைய மோதிரம் விரலில் நிற்காமல் நழுவுகிறது. புதியவரோ 'டாக்டர்' என்று தன்னையே மூன்றாம் மனிதராகக் குறிப்பிட்டுக் குழப்பத்தைக் கூட்டுகிறார். கடைசியில் அடையாளம் காண்பது ஒரு டாலெக். நண்பர்களே ஐயப்படும்போது பரம எதிரி அறிந்துகொள்கிறான். இதைவிடச் சுருக்கமாக ஒரு நடிகர் மாற்றத்தைப் பார்வையாளருக்கு ஏற்கவைத்த இடத்தை நான் எந்தத் தொடரிலும் கண்டதில்லை.

புதியவர் நிலைத்தார். 1969இல் அவரும் விலகினார். வேலைப் பளு அவருக்கும் தாங்கவில்லை. 1970இல் மூன்றாம் நடிகர் வந்தார். அதற்குள் ஆள்மாற்றம் தொடரின் வழக்கமாகிவிட்டது.

முதல் நடிகருக்கு அப்படி நல்லபடியாக அமையவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளுக்கான மேடைக் கேளிக்கை நாடகம் ஒன்றில் நடித்தார். சில தொடர்களில் ஓரிரு பகுதிகள். பிறகு வேலை அருகிவிட்டது. பத்தாம் ஆண்டை ஒட்டி மூன்று நடிகர்களையும் சேர்த்து ஒரு கதை எடுக்க 1972இல் அழைத்தபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். அவரால் முடியாது என்று மனைவி தயாரிப்புக் குழுவுக்குத் தெரிவித்தார். அன்றிருந்த தயாரிப்பாளர் அவரை விலக்கவில்லை. கதையை மாற்றி எழுதச் செய்தார். மற்ற இருவரோடு ஓடியாட வேண்டியவர், திரையில் தோன்றி யோசனை சொல்பவராக மாறினார். உட்கார்ந்தபடி, எழுதிப் பிடித்த அட்டைகளைப் பார்த்து வசனம் பேசினார். அவர் பகுதிகளைத் தனியாகப் படமெடுத்துச் சேர்த்தார்கள். அதுவே அவருடைய கடைசி நடிப்பு. 1975 ஏப்ரலில் இறந்தார்.

எதை மாற்றலாம்

முதலில் பளு. ஆண்டுக்கு ஏறக்குறைய நாற்பது பகுதிகள் என்ற கணக்கை 1970இல் 25 ஆகக் குறைத்தார்கள். இரண்டு நடிகர்கள் தேய்ந்தபின் வந்த திருத்தம். முதல் நடிகரின் ஒப்பந்தத்தை நீட்டித்த நேரத்திலேயே பகுதிகளைப் பாதியாக்கியிருந்தால் அவர் இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோ நடித்திருக்கலாம். ஆனால் அப்போது ஆள்மாற்றம் என்ற கண்டுபிடிப்பே வந்திருக்காது. தொடரின் ஆயுளுக்கு எது நல்லதாயிற்றோ அது நடிகருக்கு நல்லதாகவில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிச் சமன்செய்ய நான் முயலவில்லை.

அடுத்தது, ஒட்டுப்போடும் உத்தியின் ஆபத்து. நடிகர் வராத ஒவ்வொரு வாரமும் கதையால் மூடப்பட்டபோது, ஏன் வரவில்லை, எத்தனை முறை வரவில்லை, வசனம் எந்த அளவுக்குத் தவறுகிறது என்று வரிசையாகப் பார்க்க ஆளில்லை. தயாரிப்பாளர் மாறும்போது கோப்பு கைமாறும். இந்த அறிவு கைமாறாது. நெடுந்தொடர் நடத்துகிறவர்கள் கதைத் தொடர்ச்சிக்கு ஒரு ஆள் வைப்பதுபோல, முதன்மை நடிகரின் வேலைப் பளுவையும் உடல்நிலையையும் கவனிக்க, தயாரிப்பாளர் மாறினாலும் மாறாத ஒருவரை வைக்க வேண்டும். அவரோடு நடிகரின் குடும்பம் நேரடியாகப் பேச முடிய வேண்டும். 1972இல் மனைவியின் ஒரு தகவலே கதையை மாற்றப் போதுமானதாக இருந்தது. 1966இல் அப்படி ஒரு வழி இருந்ததற்கான தடயம் எனக்குக் கிடைக்கவில்லை.

உட்கார்ந்து பேசும் வேடம், அட்டை வசனம், தனிப் பதிவு ஆகிய மூன்றும் 1966இலேயே சாத்தியமானவைதான். வாராந்தர நாயகனாக அல்ல, ஆண்டுக்கு ஒருமுறை தோன்றிப் போகும் முதியவராக அவரை அப்போதே வைத்துக்கொண்டிருக்கலாம். மாற்றுபவர்களுக்கு அன்று தேவைப்பட்டது தெளிவான முறிவு என்பதும் புரிகிறது. பழைய முகம் அடிக்கடி தலைகாட்டினால் புதிய முகம் வேரூன்றாது. ஓரிரு ஆண்டு இடைவெளி விட்டு அழைத்திருக்கலாம் என்பதே நான் சொல்லக்கூடியது.

கடைசியாகச் சேமிப்பு. பிபிசி அந்தக் காலத்து நாடாக்களைப் பெருமளவில் அழித்துவிட்டது. முகம் மாறும் அந்த நான்காம் பகுதி முழுமையாக இல்லை. புதியவரின் முதல் கதையில் ஆறு பகுதிகளும் இல்லை. ஒலிப்பதிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1973இல் 'ப்ளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி எடுத்துக் காட்டியதால்தான் ஆள்மாற்றக் காட்சியின் சில நொடிகள் தப்பின. மேலே நான் விவரித்த பலவற்றை, எழுத்துப் பிரதி, ஒலிநாடா, பங்கேற்றவர்களின் நினைவு ஆகியவற்றைக் கொண்டே இன்று அறிய முடிகிறது. தொடரின் திருப்புமுனை என்று தெரிந்த பகுதியையாவது தனியே எடுத்துவைக்கும் நடைமுறை எந்தத் தயாரிப்பு நிறுவனத்திலும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.